தங்கை கடல் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்கிறாள். அறிவியல் பக்கம் போனவர்களே, உங்களை எது இழுத்தது?

தெற்குவாடிக்காரன்:

வணக்கம். பாம்பன் எங்கள் ஊர். நான் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயாலஜி குரூப், மார்க் நன்றாகவே எடுப்பாள். வீட்டில் நர்சிங் என்று எல்லாரும் முடிவு கட்டி வைத்திருந்தோம். நர்சிங் முடித்து வெளிநாடு போய் வீடு கட்டினவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான். இப்போது இவள் திடீரென்று கடல் ஆராய்ச்சி படிக்கப் போகிறேன், விஞ்ஞானி ஆகப் போகிறேன் என்று நிற்கிறாள். திடீரென்று என்பது என் கணக்கு, அவளைக் கேட்டால் ஆறாம் வகுப்பிலிருந்தே என்கிறாள்.

2019 செப்டம்பரில் எங்கள் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன் செத்து ஒதுங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரியவர்கள் எல்லாம் "பூங்கோரை வந்திருக்கு, தானாப் போயிடும்" என்று விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் விடவில்லை. பச்சை என்றால் செடி மாதிரி ஏதோ ஒன்று, செடி பகலில் ஆக்சிஜன் விடும் என்று பாடத்தில் இருக்கிறது, அப்படியென்றால் மீனுக்கு நல்லதுதானே, ஏன் சாகிறது? இதை வகுப்பில் கேட்டதற்கு "இது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று பதில் வந்ததாம். அப்பாவிடம் கேட்டதற்கு அவர் செவுளில் சளி மாதிரி அடைத்துக்கொள்கிறது என்றார், சித்தப்பா தண்ணீர் விஷமாகிவிட்டது என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம் என்று அம்மா சொல்கிறார்.

என் கேள்வி இதுதான். அறிவியலை வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், உங்களை எது அதற்குள் இழுத்தது? சின்ன வயதில் வந்த ஆசை நிலைக்குமா, இல்லை காலேஜ் இரண்டாம் வருடத்தில் வடிந்துவிடுமா? கலாம் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறான் பார் என்று திட்ட வேண்டாம். எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் அவர் படம்தான், கனவு காணுங்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கனவுக்கு மாதச் சம்பளம் எந்த வயதில் வரும் என்று மட்டும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை. அப்பாவுக்கு ஐம்பத்தைந்து ஆகிறது.

தொண்டி_எக்ஸ்பிரஸ்:

நீட் எழுதச் சொல்லுங்கள், வேறு பேச்சே வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. நம் ராமநாதபுரத்திலேயே மெடிக்கல் காலேஜ் வந்துவிட்டது. பூங்கோரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மண்டபம்_கேம்ப்:

தொண்டி அண்ணே, அந்தப் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று எங்கேயும் சொன்ன மாதிரி தெரியவில்லையே.

தம்பி, முதலில் உன் தங்கையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் காத்திருக்கிறாள். அந்தப் பச்சைக்குப் பெயர் நாக்டிலூகா. ஒற்றைச் செல் உயிரிதான், ஆனால் வெறுங்கண்ணுக்கே தெரியும், உற்றுப் பார்த்தால் நைலான் ஜவ்வரிசி மிதக்கிற மாதிரி இருக்கும். பச்சை நிறம் அதனுடையது இல்லை, அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் இன்னொரு நுண்பாசியுடையது. பகலில் அந்த நுண்பாசி ஆக்சிஜன் விடுவது உண்மைதான். ஆனால் ராத்திரியில் எல்லாமே மூச்சு வாங்குகிற கூட்டம்தான், கோடிக்கணக்கில் சேர்ந்து வாங்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். அதைவிட மோசம் இவை மொத்தமாகச் சாகும்போது நடப்பது. அழுகலைத் தின்ன வருகிற பாக்டீரியா மிச்சமிருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். நாக்டிலூகாவின் உடம்புக்குள் அம்மோனியா வேறு இருக்கிறது, செல் உடைந்தால் அதுவும் தண்ணீரில் கலக்கும். செவுளில் அடைப்பதும் நடக்கும். ஆக உன் அப்பா சொன்னதும் சரி, சித்தப்பா சொன்னதும் பாதி சரி, பாடப் புத்தகத்தில் இருப்பதும் சரி. ராத்திரியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் இந்தக் கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொன்னார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இனி என் கதை. என்னை எதுவும் இழுக்கவில்லை. விலங்கியல் பிஎஸ்சி படித்ததே வேறு எதுவும் கிடைக்காததால்தான். முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது மண்டபத்தில் ஒரு புராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார், சம்பளம் வருகிறது என்று போனேன். போட்ட இடம் மீன் குஞ்சுப் பொரிப்பகம். கடல் விரால் தெரியும்தானே? அதைத் தொட்டியில் வைத்து முட்டையிட வைத்துக் குஞ்சு எடுப்பதில் மண்டபத்தில் இருக்கும் சிஎம்எஃப்ஆர்ஐ, அதாவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 2010-ல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்டது. கடலில் கூண்டு போட்டு அந்தக் குஞ்சை விட்டால் ஒரு வருடத்துக்குள் இரண்டரை, மூன்று கிலோவுக்கு வரும். ஆனால் பொரித்த முதல் சில நாட்களில் அவற்றைக் காப்பாற்றுவதுதான் உயிர் போகிற வேலை. வாய் திறந்ததும் அதற்கு ஏற்ற அளவில், அசைகிற தீனி வேண்டும், ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர். அதை வளர்க்க இன்னொரு பாசி, அதை வளர்க்க வேறொரு தொட்டி. ஒன்று தவறினால் விடியும்போது தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

அப்படி ஒரு தொகுப்பு மொத்தமாகப் போன அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. பக்கத்துத் தொட்டி நன்றாக இருக்கிறது, இது மட்டும் ஏன்? அதே தண்ணீர், அதே தீனி. வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை. ஆசை வந்து வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. என்னை மாதிரி வேலை பார்க்கப் பார்க்க ஆசை வந்தவர்களும் நிறையப் பேர், ஆனால் மேடையில் பேசக் கூப்பிட்டால் எல்லாரும் முதல் வகை மாதிரியேதான் பேசுவோம்.

ஓய்வுபெற்ற_இயற்பியல்:

ராமநாதபுரத்தில் பல காலம் பாடம் நடத்தியவன். அந்த "உட்கார்" எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒரு வகுப்பில் அறுபது பேரும், டிசம்பருக்குள் முடிக்க வேண்டிய பாடமும் இருக்கும்போது அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடும் என்பதும் தெரியும்.

கலாம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பாடம் எடுத்தார் என்பதை அவரே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அதில் கடற்கரையையும் பறவையையும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். சிறுவன் கலாம் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்காக அடி விழவில்லை, அன்று சாயங்காலம் வகுப்பையே கரைக்கு அழைத்துப்போனார். சிறகை எப்போது அடிக்கிறது, திரும்பும்போது வாலை எப்படி வளைக்கிறது என்று நேரே காட்டினார். 1940-களின் தொடக்கம், ஒரு தீவு, வசதி எதுவும் இல்லாத பள்ளிக்கூடம். புரியவில்லை என்று ஒரு பையன் பயமில்லாமல் சொல்ல முடிந்தது, அதுதான் அங்கே நடந்த பெரிய விஷயம்.

அதோடு அந்த ஆசை நேராக ராக்கெட்டில் போய் நிற்கவும் இல்லை. அவர் ஆசைப்பட்டது விமானம் ஓட்ட. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேருக்கு இடம், இவர் ஒன்பதாவது. அந்தக் கதவு சாத்தியதால்தான் இந்தப் பக்கம் வந்தார். அவர் தலைமையில் செய்த எஸ்எல்வி-3 ராக்கெட்கூட 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்தது, அடுத்த வருடம் ஜூலை 18-ல்தான் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

எம்.எஸ். சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கும்பகோணத்தில் டாக்டர், பையன் பதினொரு வயதாக இருக்கும்போதே காலமாகிவிட்டார், இவரும் டாக்டர் ஆவார் என்று வீட்டில் எதிர்பார்ப்பு. 1943-ல் வங்கத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்குப் போய்விட்டார். பிறகு போலீஸ் உத்தியோகத்துக்கும் தேர்வானார், அதை உதறிவிட்டு நெதர்லாந்துக்கு உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்யப் போனார். ஐபிஎஸ் வேண்டாம், உருளைக்கிழங்கு போதும் என்று இன்றைக்கு ஒரு பையன் சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் வகுப்பில் அதிகம் சொல்வது அன்னா மணியைப் பற்றித்தான், அவரை யாருக்கும் தெரியாது என்பதால். 1918-ல் பீருமேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. சரி, லண்டனில் போய் இயற்பியல் படிக்கலாம் என்றால், கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்கானது. அதை வாங்கிக்கொண்டு போனார். 1948-ல் திரும்பி வந்து, மழைமானி முதல் எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வைத்தார், நாடு முழுக்கக் காற்றையும் வெயிலையும் அளந்து அட்டவணை போட்டார். இன்றைக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிறது, கமுதியில் சோலார் தகடு விரிந்து கிடக்கிறது. எங்கே எவ்வளவு காற்று, எவ்வளவு வெயில் என்று முதலில் யாராவது பொறுமையாக அளந்திருக்க வேண்டும் அல்லவா, அந்த வேலையை இந்த நாட்டில் ஆரம்பித்து வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். வானிலை அவருடைய சிறுவயதுக் கனவு கிடையாது, எந்த உதவித்தொகை கிடைத்ததோ அந்தப் பக்கம் போனார், போன இடத்தில் முழு மனதாக வேலை செய்தார்.

உங்கள் தங்கைக்குக் கடல் வாய்த்திருக்கிறது. நாளைக்கு அவர் மீனை விட்டுக் காற்றுக்குப் போனாலும் போகலாம். அதற்காக இப்போதைய ஆசை பொய் என்று ஆகாது.

பாதியில்_இறங்கியவன்:

வாத்தியார் ஐயா நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் நீங்கள் சொன்ன எல்லாரும் ஜெயித்தவர்கள். இறங்கிப் போனவன் ஒருவனும் பேச வேண்டும் இல்லையா.

எனக்கு வேதாளைப் பக்கம். எங்கள் பழைய வீட்டுச் சுவர் முழுக்கப் பவளக்கல், அந்தக் காலத்தில் கடலில் பவளப் பாரை வெட்டிக்கொண்டு வந்துதான் வீடு கட்டுவார்கள், சுண்ணாம்பும் அதைச் சுட்டுத்தான். சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் பூப்பூவாக, வட்ட வட்டமாக இருக்கும். அது ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் உட்கார்ந்திருந்தது என்று எட்டாம் வகுப்பில் தெரிந்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. பாரை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனதுதான் பெரிய காரணம். நான் தூங்கின வீட்டுச் சுவருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. இதைவிட என்ன உந்துதல் வேண்டும்? எம்எஸ்சி முடித்துப் பவளத்தில் பிஎச்டி சேர்ந்தேன்.

அங்கே என்ன நடந்தது என்றால், நெட் என்கிற தகுதித் தேர்வில் தேறினேன், அதில் மேலே வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கவில்லை. ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு மாதம் 37,000, மூன்றாம் வருடத்திலிருந்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அது இருந்தால் தாராளமாக ஆராய்ச்சி செய்யலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். அது இல்லாதவன் கதை வேறு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் மாதம் 8,000. நான் இருந்த இடத்தில் அதுவும் இல்லை, ஒரு புராஜெக்ட் சம்பளம், அதுவும் நினைத்தபோது வரும். வழிகாட்டிக்கு என் வேலையைவிட அவர் வீட்டுக் காரின் மேல்தான் அக்கறை, இன்சூரன்ஸ் கட்ட, சர்வீஸுக்கு விட எல்லாம் நான்தான். படகு வாடகைக்கு என் கைக்காசு போட்டுக் கடலுக்குப் போயிருக்கிறேன். தங்கை கல்யாணம் வந்தது, வெளியே வந்துவிட்டேன். இப்போது ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவு. வருத்தமா என்றால் சம்பளத் தேதியில் இல்லை.

ஆசை நிலைக்குமா என்று கேட்டாய் அல்லவா? என் ஆசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது தம்பி. 2010-லும் 2016-லும் கடல் சூடாகி நம் பக்கத்துப் பவளம் வெளிறிப்போனதைப் பற்றிய கட்டுரைகளை இப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன். ஆசை வடியவில்லை, காசுதான் வடிந்தது. அதனால் எது இழுத்தது என்று எங்களைக் கேட்பதோடு, எது தாங்கியது என்றும் கேள்.

சின்னப்பாலம்_பாசி:

பாதியில் இறங்கிய அண்ணா சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஆனாலும் நான் இறங்கவில்லை, அதனால் என் பக்கத்தையும் எழுதுகிறேன்.

தெற்குவாடி அண்ணா, நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, கல்லில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி இடுப்புப் பையில் போடுவார். பிடுங்கக் கூடாது, கிள்ள வேண்டும், அடி இருந்தால்தான் மறுபடி வளரும் என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்வார். மாதத்தில் சில நாட்கள்தான் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் லீவு என்று எங்கள் பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. எங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015-ல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது வந்ததும் இதற்காகத்தான். அப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து அம்மாக்களிடம் நோட்டும் கையுமாகக் கேள்வி கேட்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். நம்மை அதிகாரிகள் விரட்டித்தான் பார்த்திருக்கிறேன், நம்மிடம் பாடம் கேட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் உண்மையிலேயே என்னை இழுத்தது அது இல்லை. காலேஜ் முதல் வருடம், மைக்ரோபயாலஜி லேப். கண்ணாடித் தட்டில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி அதன்மேல் கிருமி வளர்க்க வேண்டும். அந்த ஜெல்லி என்ன என்று கேட்டேன். அகார், கடல் பாசியிலிருந்து எடுப்பது என்றார்கள். எந்தப் பாசி? அந்த டப்பாவில் இருந்தது எதிலிருந்து வந்ததோ, இந்தியாவில் ஜெலிடியெல்லாவிலிருந்தும் எடுக்கிறார்கள் என்றார் மேடம். படத்தைக் காட்டினார். மரிக்கொழுந்து! அம்மா கிலோ கணக்கில் எடுத்துக் கரையில் காயவைத்து வியாபாரியிடம் போடுகிறது. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கிருமி சோதித்தாலும் இந்த மாதிரி ஒரு தட்டு வேண்டும். எங்கள் வீட்டில் அது எதற்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, மாத்திரைக்குப் போகிறது என்று மட்டும் சொல்வார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பாசியைப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் இன்னொன்று தெரிந்தது. கிருமி வளர்க்க அகாரைப் பயன்படுத்தலாம் என்று 1881 வாக்கில் யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மா. கிருமி ஆராய்ச்சியில் பெரிய பெயரான ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அவருடைய கணவர் வேலை பார்த்தார், ஜெலட்டின் வெயிலில் உருகிப்போகிறது என்று அவதிப்பட்டார். இந்த அம்மா சமையலில் அகார் போடுகிறவர், அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். பேர் எல்லாம் கோக்குக்குத்தான் போனது. இதைப் படித்த அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன், அம்மா "சரி சரி, சாப்பிட்டியா" என்றார்.

எது தாங்கியது என்ற கேள்விக்கு: எனக்கு ஜேஆர்எஃப் கிடைத்தது, அதுதான் முக்கால்வாசிப் பதில். மீதிக்கு, எங்கள் வழிகாட்டி மேடம் சரியான ஆள். அவரிடம் ஏற்கெனவே படித்த இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பதைவிட அதிகமாக விசாரிக்க வேண்டிய இடம் இது, பிள்ளைகள் யாரும் செய்வதில்லை.

தெற்குவாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இந்தத் திரியை அப்படியே தங்கைக்கு அனுப்பினேன், அவளே பதில் எழுத வேண்டும் என்று என் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டாள். கீழே அவள்தான்.

தெற்குவாடிக்காரன்:

வணக்கம், நான் தங்கை. அண்ணன் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறான். மீன் செத்ததைப் பார்த்து எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை. அப்பா ஒன்று சொன்னார், சித்தப்பா ஒன்று சொன்னார், இரண்டு பேரும் கடலில் முப்பது வருடம் இருப்பவர்கள், இரண்டு பேரும் சண்டை போடாமல் அவரவர் சொன்னதே சரி என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள். எது சரி என்று பார்க்க வழி இருக்குமே, ஏன் யாரும் பார்க்கவில்லை என்றுதான் எனக்கு இருந்தது. அந்த எரிச்சல்தான். மண்டபம் அண்ணா சொன்ன ராத்திரி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரியும் விடிகாலையும் தண்ணீர் எடுத்து ஆக்சிஜன் அளந்தால் அது தெரிந்துவிடும், இல்லையா?

நர்சிங் பிடிக்காது என்று நான் சொல்லவே இல்லை, வேறு ஒன்று பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது.

என் கேள்விகள். மீன்வளப் படிப்பான பிஎஃப்எஸ்சி போவதா, பிஎஸ்சி போவதா, ஐசர் என்று மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம் ஒன்று சொல்கிறார்களே அது நம்மால் முடியுமா? எனக்கு நீச்சல் தெரியாது, படகுக்காரர் மகள் என்றாலும் பெண் பிள்ளையை யாரும் இறக்கிவிடவில்லை. முங்கத் தெரியாமல் இந்தப் படிப்பு படிக்க முடியுமா?

மண்டபம்_கேம்ப்:

அளந்தால் தெரியும் தங்கச்சி. விடியற்காலையில் எடு, அப்போதுதான் ஆக்சிஜன் ரொம்பக் கீழே இருக்கும்.

பிஎஃப்எஸ்சி நான்கு வருடம், மீன்வளப் பல்கலைக்கழகத்தில், தூத்துக்குடி கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான், ஏழரை சதவீத ஒதுக்கீடு 2021-லிருந்து இதற்கும் உண்டு. முடித்தால் அரசு மீன்வளத் துறை, இறால் பண்ணை, குஞ்சுப் பொரிப்பகம் என்று வேலைக்கு வழி இருக்கிறது, மேலே படித்து, ஏஆர்எஸ் என்கிற வேளாண் விஞ்ஞானிகளுக்கான தேர்வு எழுதினால் சிஎம்எஃப்ஆர்ஐ மாதிரி இடங்களில் விஞ்ஞானியாகவே சேரலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஐசர் ஐந்து வருடம், திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு, கடினம்தான், எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. பிஎஸ்சி போனால் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு மனு போடு, போர்டு தேர்வில் மேலே ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு வருடம் 80,000. அதில் 60,000 கையில் வரும், மீதி கோடை விடுமுறையில் செய்கிற ஆராய்ச்சிக்கு. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் பிஎஃப்எஸ்சி, பிஎஸ்சி எதில் சேர்ந்தாலும் மாதாமாதம் வரும், நீ அரசுப் பள்ளிதானே.

பாதியில்_இறங்கியவன்:

நானும் பிஎஃப்எஸ்சிக்குத்தான் சொல்வேன். நடுவில் நிற்க வேண்டி வந்தாலும் கையில் ஒரு தொழில்படிப்பு இருக்கும். ஜேஆர்எஃப் பழைய கேள்வித்தாள், என் குறிப்புகள் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கிறது. இப்போது வேண்டாம், முதுகலை வரும்போது கேள்.

தொண்டி_எக்ஸ்பிரஸ்:

நீட்டும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளம்மா, வேண்டாம் என்றால் போகாதே.

சின்னப்பாலம்_பாசி:

தங்கச்சி, முங்கத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கள் ஆய்வகத்திலேயே பாதிப் பேர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்காதவர்கள், ஒருவர் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார், ஆனால் நுண்பாசியை அவரைப் போல அடையாளம் சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் கற்றுக்கொள். தெரியாது என்று சொன்னால் களப்பணிக்குப் பையன்களை மட்டும் அனுப்பிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம், அம்மாவும் பாசிக்குப் போகமாட்டார், சும்மாதான் இருப்பார். பரீட்சை முடிந்ததும் வா, தென்கடல் வேண்டாம், வடகடல் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஆரம்பிப்போம். பழைய சுடிதார் போட்டுக்கொள், துப்பட்டா கூடாது. காலில் ஏதாவது மாட்டிக்கொண்டு வா, கல்லில் கடல் முள்ளெலி நிறைய இருக்கிறது. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது, எங்கள் அம்மா அவரிடம் பேசட்டும்.